இழுத்துப் பார்த்த படம்

கோயமுத்தூரில் சென்னியப்பன் இருபத்திரண்டு வருஷம் வீட்டு பிளான் வரைந்தவர். நாற்பத்தேழு வயதில் என்ன தோன்றியதோ, சிப்புக்குள் போகிற சர்க்யூட் வரையக் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார். அவருக்குக் குரு நஸ்ரீன். குருவுக்கு வயது முப்பத்தொன்று.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு சிப்பின் டிசைன், அதைத் தயாரிக்கிற ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். பம்பு செட்டு மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற சிப்பு. அதில் ஒரு மூலை சென்னியப்பனுடையது. ஐந்துக்குள் முடியாவிட்டால் பழைய சர்க்யூட்டையே வைத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும். மனுஷருக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

மூன்று மணிக்கு ஓடிவந்தார்.

"மேடம், முடிஞ்சுதுங்க! வந்து பாருங்க!"

நஸ்ரீன் போய்த் திரையைப் பார்த்தார். அடடா, என்ன படம் அது! சிப்புக்குள் ஆமாம், இல்லை என்று முடிவெடுக்கிற உறுப்புகளை கேட் என்பார்கள். அத்தனை கேட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி வரிசை பிசகாமல் நின்றன. ஒரு கம்பி கோணல் இல்லை. கோடுகளை இடம் பார்த்து நிற்க வைக்க வழக்கமாகத் திரை முழுக்க இறைந்து கிடக்கும் கட்டப் புள்ளிகளைத்தான் காணோம்.

"புள்ளியெல்லாம் எங்கண்ணா?"

"எடுத்துட்டனுங்க. அது இருந்தா கோடு நான் நெனைச்ச எடத்துல நிக்கறதில்லீங்க, புள்ளிக்குப் புள்ளி தாவுது. பாக்கவும் கண்றாவியா இருந்துச்சு."

நஸ்ரீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சோதனையும் ஓட்டிட்டனுங்க. மோட்டார் ஜம்முன்னு ஓடுது." பெருமை தாங்கவில்லை சென்னியப்பனுக்கு. ரொம்ப நாளாய் மனசில் இருந்ததைக் கேட்டே விட்டார். "படத்தைப் பாத்ததுமே இது சரின்னு எனக்கு எப்பங்க தெரியும்?"

நஸ்ரீன் மௌஸை வாங்கினார். நடுவிலிருந்த ஒரு கேட்டைப் பிடித்து விருட்டென்று மேலே இழுத்தார்.

"ஐயையோ மேடம்!"

கேட் நகர்ந்தது. ஒட்டியிருந்த கம்பிகளும் நீண்டு வளைந்து கூடவே போயின. ஒரே ஒரு கம்பி மட்டும் வரவில்லை. பழைய இடத்திலேயே தேமேயென்று நின்றது.

சென்னியப்பன் திரைக்குள் மூக்கை நுழைக்காத குறையாகக் குனிந்தார். "ஒட்டித்தானுங்களே இருந்துச்சு!"

நஸ்ரீன் கேட்டைப் பழைய இடத்தில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார். முடி அளவுக்கு இடைவெளி. புள்ளிகள் இருந்திருந்தால் கம்பி தாவிப் போய் ஒட்டியிருக்கும். வீட்டு பிளானில் இப்படி இருந்தால் கொத்தனார் கண்டுகொள்ளாமல் சுவரைச் சேர்த்துக் கட்டிவிடுவார். சிப்புக்குள் ஏது கொத்தனார்?

"இது எந்தக் கம்பிண்ணா?"

"கெணத்துல தண்ணி வத்திருச்சு, மோட்டாரை நிறுத்துன்னு சொல்ற கம்பிங்க."

"சோதனையில தண்ணி வத்துச்சா?"

"இல்லீங்க. கெணறு நெறைய தண்ணி இருக்கற மாதிரியேதான்..." எவனோ ஒரு விவசாயியின் மோட்டார் வறண்ட கிணற்றில் புகைந்து கருகுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. "அந்த ஒண்ணை ஒட்டிட்டு அனுப்பிரலாமுங்களா?"

"மொத்தம் எத்தனை கேட்?"

"நூத்தி நாப்பதுங்க."

"மணி மூணே கால்," என்று மௌஸை அவர் கையில் கொடுத்துவிட்டு நஸ்ரீன் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

சென்னியப்பன் கம்பியை ஒட்டினார். புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவந்தார். முதல் கேட்டை இழுத்தார், எல்லாம் கூடவே வந்தது. இரண்டாவதும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் இழுத்தார். அறுபத்தோராவதை இழுத்தபோது ஒரு கம்பி அசையாமல் நின்றது.

"மாட்டிக்கிட்டியா!"

அவர் போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் பயம் போன இடம் தெரியவில்லை. மீன் பிடிக்கிறவன் மாதிரி ஆகிவிட்டார் மனுஷர். விறுவிறுவென்று இழுத்தார். நூற்றுப் பதினேழில் இன்னொன்று சிக்கியது. கடைசிக் கேட்டையும் இழுத்து முடித்துக் கிணற்றை வற்ற வைத்து ஓட்டிப் பார்த்தார். மோட்டார் நின்றது!

நாலு ஐம்பதுக்கு நஸ்ரீனிடம் ஓடினார். வாய் காது வரைக்கும் போயிருந்தது.

"மேடம், மூணுங்க! மொத்தம் மூணு இருந்துச்சு! மூணையும் ஒட்டிட்டேன். இப்ப எதை இழுத்தாலும் எல்லாம் கூடவே வருது. தண்ணி வத்துனா டக்குன்னு நிக்குது! அனுப்பலாமுங்களா?"

நஸ்ரீன் எழுந்திருக்கவில்லை.

"படம் எப்படிண்ணா இருக்கு?"

சென்னியப்பன் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். மூன்றே காலுக்கு அப்புறம் இப்போதுதான் படத்தை முழுசாகப் பார்க்கிறார். இழுத்த இழுப்பில் கேட்டுகள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. கம்பிகள் கண்ட இடத்தில் மடங்கி, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடந்தன; விட்டுப் போனது மட்டும் ஒன்றுகூட இல்லை. இருபத்திரண்டு வருஷம் வரைந்த கை அது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கேவலமா இருக்குதுங்க மேடம்."

"அப்ப அனுப்புங்கண்ணா," என்றார் நஸ்ரீன்.