கென்யாவுக்குப் போன பெருங்காயம்

பொய் சொல்லத் தொடங்கும் முன் ஆவுடையப்பன் வேட்டியை ஒருமுறை அவிழ்த்துக் கட்டுவார். சம்பந்தி சங்கரலிங்கம் வீட்டுக் கூடத்தில் அவர் எழுந்து நின்று அதைச் செய்ததும், அவர் மனைவி கோமு காரச்சேவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். இனி நேரமாகும்.

சங்கரலிங்கம் போன வருஷம் சுவிட்சர்லாந்து போய்வந்து ஆறு மாதம் பனியைப் பற்றியே பேசினார். அதைப் பொறுக்க மாட்டாமல்தான், பாளையங்கோட்டையில் பெருங்காய மொத்த வியாபாரம் செய்யும் ஆவுடையப்பன் மனைவியோடு கென்யாவுக்குக் கிளம்பினார். திரும்பி வந்து இறங்கியதும், இனி தென்காசியைத் தாண்டுவதில்லை என்று விமான நிலையத்திலேயே சத்தியம் செய்தார். கோமுவுக்கோ இன்னொரு தடவை போக வேண்டும். தினமும் கேட்கிறாள். "செத்தாலும் மாட்டேன்" என்பதுதான் தினமும் பதில்.

"அங்க சாப்பாடு எப்படி அத்தான்?" என்றார் சங்கரலிங்கம்.

"உகாலின்னு ஒண்ணு. நம்ம களிதான், சோளமாவுல கிண்டுதானுவ. உப்பு இல்ல, உறைப்பு இல்ல. நான் சும்மா இருப்பனா? பையில கட்டிப் பெருங்காயம் இருந்துச்சு. ஒரு கிள்ளு போட்டேன். சமையக்காரன் வாயில வச்சான். அப்படியே உக்காந்து அழுதுட்டான். 'எங்க பாட்டன் பூட்டன்லாம் இது தெரியாமலே செத்துப் போனானே'ன்னு."

"எந்த பாஷையில அழுதான்?"

"அழுகைக்கு ஏது வே பாஷை?"

கோமு சேவை மென்றாள். பெருங்காயம் போனது உண்மை. ஊர் நீர் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கட்டியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். அந்த நாற்றம் தாங்காமல், கூட வந்த பயணிகள் ஒருவர்கூட அவர்கள் ஜீப்பில் ஏறவில்லை. அதனால் இருவருக்கும் தனி ஜீப் கிடைத்தது. அதுவும் உண்மை. உண்மை அத்தோடு சரி.

"நீர்யானை பாத்தியளா?" என்றாள் சங்கரலிங்கத்தின் மனைவி சண்முகத்தாய்.

"நீர்யானையா? தாயி, உலகமே ஏமாந்து கெடக்கு. அது பொறக்கும்போது ஆட்டுக்குட்டி அளவுதான். வாயு. பூரா வாயு! வைத்தியம் பாக்க ஆளில்லாம அப்படி ஊதிப்போச்சு. நான் கரையில நின்னு ஒரு பெருங்காய உருண்டையை அது வாயில எறிஞ்சேன். விட்டுது பாருங்க ஒரு ஏப்பம்! அக்கரையில நின்ன பூநாரைக் கூட்டம் அம்புட்டும் பறந்து பக்கத்து நாட்டுல போய் விழுந்துச்சு. விசா கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"நீர்யானை?"

"மான் மாதிரி துள்ளிக்கிட்டு ஓடுச்சு. சிறுத்தை ஒண்ணு மானுன்னே நெனைச்சுத் தொரத்திச்சு. பாவம், தோல் மட்டும் தொளதொளன்னு பின்னால வந்துச்சு."

சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிங்கம் எதுவும் அகப்படலையாக்கும்?"

ஆவுடையப்பன் இதற்காகத்தான் காத்திருந்தார். வேட்டியை மறுபடி கட்டினார்.

"ஜீப்புக்குள்ளயே ஏறிட்டு. நம்ம நெல்லையப்பர் தேர் இருக்கும் உசரம். டிரைவர் மயங்கிட்டான். இவ" என்று கோமுவைக் கைகாட்டினார், "சீட்டுக்கு அடியில பூந்துட்டா. துண்டால தலையை மூடிக்கிட்டு ஒரே நடுக்கம்."

கோமுவின் கை தட்டில் நின்றது.

சீட்டுக்கு அடியில் துண்டால் தலையை மூடிக்கொண்டு கிடந்தவர் ஆவுடையப்பன்தான். சிங்கம் வந்தது, ஜீப்பின் பக்கத்தில் நின்றது. அதன் கண் மஞ்சளாக இருந்தது. முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதைக்கூட அது விரட்டவில்லை. அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்திருக்கும். ஆனால் பையிலிருந்து வந்த பெருங்காய நாற்றத்துக்கு ஒரு தும்மல் தும்மிவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகத்தான் அவளுக்கு மறுபடி போக வேண்டும்.

"நான் பிடரியைப் பிடிச்சேன்" என்று போய்க்கொண்டிருந்தார் ஆவுடையப்பன். "மூக்குல ஒரு சிட்டிகை ஏத்துனேன். ஒரே தும்மல்! பிடரிமயிர் அம்புட்டும் கொட்டிப்போச்சு. மொட்டைத் தலையோட வீட்டுக்குப் போனா, பொஞ்சாதி உள்ள சேக்கலை. 'நீ யாருடா?'ங்கா. சிங்கம் எங்கிட்டயே வந்து அழுதுச்சு. நானே கூட்டிட்டுப் போயி, 'எம்மா, இது ஓம் புருசன்தான், நான் சாட்சி'ன்னு சொல்லிச் சேத்து வச்சேன்."

"யத்தான்" என்றார் சங்கரலிங்கம் நிதானமாக. "சுவிட்சர்லாந்துல நான் பனியைப் பாத்தேன். பனிதான் இருந்துச்சு, பனின்னுதான் சொன்னேன். எம் பொண்ணைக் குடுத்த வீடாச்சேன்னு பாக்கேன்." கோமுவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ பொய் சொல்ல மாட்டே. இவுக சொல்லுதது நெசமா?"

ஆவுடையப்பன் கூரையைப் பார்த்தார். அவர் காது மட்டும் சிவந்தது.

கோமு கையில் ஒட்டிய சேவுத்தூளைத் தட்டிவிட்டாள்.

"பாதிதான் அண்ணாச்சி சொல்லுதாக. மீதியைச் சொல்ல அவுகளுக்குக் கூச்சம்."

ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சேத்து வச்சாகல்லா, அந்தப் பொண்சிங்கம் அழுதுக்கிட்டே இவுக கையைப் பிடிச்சிட்டு. 'கூடப் பொறந்த பொறப்பு இல்லாத எனக்கு நீங்கதான் அண்ணன்'ன்னுட்டு. அதுக்கு ஒரு குட்டி இருக்கு. வாற ஆவணியில காதுகுத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? 'மடி இருக்கு தாயி, கட்டாயம் வாறேன்'ன்னு இவுக குட்டி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டாக."

ஆவுடையப்பன் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டார்.

சங்கரலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோமுவைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். அவர் முகத்தில் சுவிட்சர்லாந்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்படியா சங்கதி! போகாம இருக்கக் கூடாது அத்தான். தாய்மாமன் இல்லாத காதுகுத்து உண்டுமா?"

"ஆவணியில கடையில சரக்கு வரும்" என்றார் ஆவுடையப்பன்.

"சரக்கை எம் மருமவன் பாத்துக்கிடுவான். சீர்த்தட்டு தூக்க ஆள் வேணும்லா, நாங்களும் வாறோம். என்னட்டி?"

"குட்டிக்குப் பட்டுத்துணி நான் எடுக்கேன் மைனி" என்றாள் சண்முகத்தாய்.

"இல்ல, அது வந்து..." என்றார் ஆவுடையப்பன்.

"எது? நீங்க சொன்னது பொய்யா?" என்று கேட்டார் சங்கரலிங்கம்.

ஆவுடையப்பன் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். இந்த முறை அதன்பின் எதுவும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அவருக்குக் குரல் வந்தது. "ஏட்டி கோமு, மடியிலயா?"

"ஆமா" என்றாள் அவள். "இந்தத் தடவை பெருங்காயத்தை வீட்டுலயே வச்சிட்டு வாங்க."