வக்கீல் ஐயா போட்ட ஆர்டர்

பாளையங்கோட்டையில் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள் பேச்சியம்மாள். ஒரு நாள் முதலாளியம்மா குளிக்கப் போன நேரம், பார்சலோடு ஒருவன் பைக்கில் வந்து வாசலில் நின்று அதட்டினான்.

“வக்கீல் ஞானதிரவியம் ஆர்டர் போட்டது. மூவாயிரம் எடு.”

“எனக்குத் தெரியாதே, சார்.”

“இப்பத்தான் போன்ல பேசினார். உன்கிட்ட வாங்கிக்கச் சொன்னார். தரலைன்னா உன் வேலை போயிடும்!”

வீட்டுச் செலவுப் பணம் அவள் மடியில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

“ஐயாவே பேசுனாங்களா? குரல் எப்படி இருந்துச்சு?”

“கணீர்னு இருந்துச்சு. அதுக்கென்ன?”

“அம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க, சார். ஐயா இறந்து ரெண்டு வருஷமாச்சு. வாசல் கேட்டுல இருக்க பேர்ப் பலகையைக் கழற்ற அம்மாவுக்கு மனசு வரல. இருங்க, கூப்பிடுதேன்.”

அவன் பைக்கை ஸ்டார்ட் செய்யக்கூட நிற்காமல், தள்ளிக்கொண்டே ஓடினான்.