ஆளுயரச் செடி

“அரளி வைக்கட்டா, நந்தியாவட்டை வைக்கட்டா? ஒரே குழப்பமா இருக்கும்மா.”

இடுப்புயரம் வளர்ந்த இரண்டு தொட்டிச் செடிகளையும் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார் பால்வண்ணம். பேரன் பேத்தி எடுத்தவர். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சிவகாமி அம்மாளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

“எதுக்கு அண்ணாச்சி செடி?”

“என் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவுல வைக்க. வருசம் பூரா இலை நிக்கணும். ஆளுயரத்துக்கு அடைச்சுக்கிடணும்.”

“ஒரு சுவரு வச்சிர வேண்டியதுதானே?”

“ஊரு என்னம்மா சொல்லும்? செடின்னா அழகுக்கு வச்சேன்னு சொல்லிக்கிடலாம்.”

அம்மாள் சிரிக்கவில்லை. நமக்குத்தான் சிரிப்பு வருகிறது.

“தம்பியப் பாக்கப் பிடிக்கலையா?”

“அவன் மக கல்யாணப் பத்திரிகையில என் பேரை விட்டுட்டான். கூடப்பொறந்தவன் பேரு இல்லாம ஒரு பத்திரிகை. அன்னைக்கே பேச்சு விட்டுப்போச்சு. இப்ப ஆஸ்பத்திரியில இருந்து வந்து வராந்தாவுல கட்டில் போட்டுக் கெடக்கான். வாசலுக்கு வந்தா கண்ணுல படுதான். பாக்க முடியல.”

“கோபமா?”

கோபம் என்று நினைத்துத்தான் கிளம்பி வந்திருந்தார்.

“தெரியலம்மா.”

பால்வண்ணம் மறுபடி செடிப் பேச்சுக்கே போனார்.

“அரளி தண்ணி கேக்காது. ஆனா விஷம். நந்தியாவட்டை நல்லா அடையும். ஆனா வளர நாளாகும். அதுவரைக்கும் அவன்...”

வாக்கியத்தை முடிக்க அவருக்குப் பயமாக இருந்தது.

“நீங்களே ஒண்ணைச் சொல்லிருங்கம்மா.”

அம்மாள் எழுந்தார். இரண்டு தொட்டிகளையும் ஒட்டி வைத்தார். அவற்றுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். இலைகளில் ஆள் மறைந்துபோனார்.

பால்வண்ணம் காத்திருந்தார். தன்னைச் சோதிக்கிறாரா, கண்ணயர்ந்துவிட்டாரா, ஒன்றும் பிடிபடவில்லை.

செடிக்குப் பின்னால் இருமல் கேட்டது. வறட்டு இருமல். நிற்பதாக இல்லை.

பதறிப்போய் எழுந்தவர் இரண்டு செடிகளையும் இரு கையாலும் விலக்கினார். ஒரு தொட்டி சாய்ந்து மண் கொட்டியது. எந்தச் செடி என்றுகூட அவர் பார்க்கவில்லை.

“என்னம்மா செய்யுது? தண்ணி கொண்டாரட்டா?”

இருமல் சட்டென்று நின்றது.

“எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அங்க போய்க் கேளுங்க.”