தென்மேற்கு மூலை

உமையாள் ஆச்சியிடம் எதையும் கேட்பவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள். பதில் எந்த ரூபத்தில் வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. நாச்சியப்பனுக்கு மட்டும் அந்தத் தயக்கம் கிடையாது. காரைக்குடியில் நடத்திவந்த இரும்புக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் மடத்துக்கு வந்து சேர்ந்த சீடர் அவர். ஆச்சி அவரைவிட இளையவர். குருவாக இருந்தும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

மறுநாள் மாசி மகம். சுற்றுவட்டாரச் சனமெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு மடத்துக் குளத்தில் குளிக்க வரும். போன வருஷம் ஒரு பையன் மூழ்கப் பார்த்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அதனால் குளத்திலேயே ஆக ஆழமான இடத்தைக் கண்டுபிடித்துச் சிவப்புக் கொடி நடும்படி ஆச்சி நாச்சியப்பனிடம் சொல்லியிருந்தார்.

அவர் வாழைமரத் தெப்பத்தில் ஏறி, மூங்கில் கழியால் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் கொடி நட்டாயிற்று. நடுக்குளத்துக்குச் சற்று வடக்கே அது ஜோராகப் பறந்தது. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, தெப்பத்தைத் தென்மேற்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அங்கே பூவரசு நிழலில் குளத்தின் கரைச்சுவரை ஒட்டிக் கொஞ்சம் படிகள் உண்டு. ஆச்சி அதில் நின்றிருந்தார்.

"குளம் முழுக்க அளந்துட்டீகளா அண்ணே?"

"முழுக்க எதுக்கு ஆச்சி? தரை சரியுதுன்னா, சரியிற பக்கம் அடுத்த அடியில இன்னும் ஆழம் இருக்கும். அப்ப நாம நிக்கிற இடம் ஆக ஆழமா இருக்க முடியாதுல்ல? தரை சமமாகிற இடத்தை மட்டும் பாத்தாப் போதும். அப்படி ரெண்டு பள்ளம் இருந்துச்சு. ரெண்டையும் அளந்து, கூடுதலா இருந்த பள்ளத்துல கொடியை நட்டுட்டேன்."

கழியை உயர்த்திக் காட்டினார். கொடி நட்ட பள்ளத்தின் ஆழத்துக்கு அதில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. ஒரு ஆளுக்குக் கழுத்தளவு.

"இந்த மூலையில?"

"இங்க சுவர் வரைக்கும் சரிஞ்சுக்கிட்டேதான் வருது. சமமே ஆகலை. அதனால அளக்கலை."

அப்போது நாச்சியப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது. மகள் வள்ளிக்கண்ணு. கைக்குழந்தையோடு காலையில் வருகிறாளாம், எங்கே இறங்கிக் குளிப்பது என்று கேட்டாள்.

"கொடிப் பக்கம் போயிராதாத்தா. தென்மேக்கு மூலையில பூவரசு நிழல்ல படி இருக்கு. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அங்க எறங்கி நில்லு. கொடிகிட்டயே கழுத்தளவுதான். இங்க அதைவிடக் கம்மியாத்தான் இருக்கும்."

அவர் போனைப் பையில் போடும் வரை ஆச்சி பொறுத்திருந்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படிகளில் இறங்கினார். கடைசிப் படியிலிருந்து தண்ணீருக்குள் கால் எடுத்து வைத்தார்.

ஆளைக் காணவில்லை.

நாச்சியப்பனுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. தண்ணீர் ஒரு தடவை சுழித்துவிட்டு மூடிக்கொண்டது. கையாவது மேலே வரும் என்று பார்த்தார். வரவில்லை. கையில் கழி இருப்பதே அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. படியை ஒட்டி அதை இறக்கினார். மஞ்சள் நூல் தண்ணீருக்குள் போயிற்று. கழி இன்னும் போய்க்கொண்டிருந்தது. மணிக்கட்டு நனைந்தது, முழங்கை நனைந்தது, தரை தட்டவில்லை.

ஆச்சிக்கு நீச்சல் தெரியும் என்பது நாச்சியப்பனுக்குத் தெரியாததல்ல. ஆனால் வள்ளிக்கண்ணுக்கு நீச்சல் தெரியாது. இந்தப் படியிலிருந்துதான் அவள் பிள்ளையோடு கால் வைப்பாள். வைக்கச் சொன்னதே அவர்தான்.

கழியை அடியிலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். ஆச்சியின் தலை வெளியே வந்தது. இருமிக்கொண்டே படியேறி உட்கார்ந்து, முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார்.

நாச்சியப்பன் போனை எடுத்தார்.

"ஆத்தா, நான் சொன்ன எடத்துக்குப் போகாத. நான் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவரைக்கும் தண்ணியில காலை வைக்காத."

ஏன் என்று அவள் கேட்டாள். "காலையில சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.

"கொடியைப் பிடுங்கி இங்க நட்டுரட்டுமா ஆச்சி?"

"நாலு பக்கத்துக் கரையும் பாத்தாச்சா?"

பார்க்கவில்லை. நாச்சியப்பன் தெப்பத்தைத் திருப்பினார். திருப்பியவருக்குப் போக மனம் வரவில்லை. பயம் ஒரு பக்கம், கேட்காமல் விட்டால் தூக்கம் வராது என்பது ஒரு பக்கம்.

"என் கணக்குல எங்க தப்பு ஆச்சி? சரியிற தரைக்கு அடுத்த அடி இன்னும் ஆழந்தானே?"

"ஆழந்தான்" என்றார் ஆச்சி. பக்கத்தில் தண்ணீரைத் தடுத்து நின்ற சுவரை ஈரக் கையால் தட்டினார்.

"அந்த அடுத்த அடியை இங்க எங்கண்ணே வைப்பீக?"