நெடுமூக்கர் உத்தரவு

அந்தக் காலத்தில் பறவைக்கும் மாட்டுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருக்கிற இடத்தில் சும்மா இருக்க முடியுமா? பதவி வந்தது, உத்தரவு வந்தது, கூடவே "ஐயா"வும் வந்தது.

கொம்பேரி என்று ஓர் ஏரி. அந்த ஏரியில் நான்கு பதவிகள். ஏரித் தலைவர் நாரை. கூடு வைக்க இடம் ஒதுக்குகிறவர் அரிவாள்மூக்கன். மேய்ச்சலுக்கு அதிகாரி கரண்டிவாயன். கரைக் காவலுக்குக் கொக்கு. நாலு பேரும் நாலு இனம். சோறு தண்ணீர் புழங்காதவர்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போகாதவர்கள். ஆனால் நாலு பேருக்கும் குடும்பப் பெயர் மட்டும் ஒன்றே ஒன்று: நெடுமூக்கர். மூக்கு நீளமாக இருந்தால் அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பதவியும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வருடம் ஒருமுறை ஏரிப் பறவைகள் எல்லாம் ஆளுக்கொரு கூழாங்கல் பொறுக்கி வந்து போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கல்லைப் போடும்போது "நெடுமூக்கருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த நெடுமூக்கருக்கு என்று கேட்பாரில்லை. ஒரு வருடம் மைனா ஒன்று துணிந்து போட்டிக்கு நின்றது. அதன் சொந்தப் பெண்டாட்டியே நெடுமூக்கருக்குப் போட்டுவிட்டு வந்தாள். கேட்டதற்கு, "வாய்க்குப் பழகின பேரு அதுதானே வருது" என்றாள் பாவம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பதவியில் இருக்கிறவரின் சொந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் நாக்கு அழுகிவிடும் என்று முட்டையிலிருந்து வெளியே வந்த மறுநாளே குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள். ஆகவே நாலு பேருமே நெடுமூக்கர் ஐயாதான். இடம் கொடுத்தது யார்? நெடுமூக்கர் ஐயா. இடத்தைப் பிடுங்கியது யார்? அதுவும் நெடுமூக்கர் ஐயாதான். கும்பிடு போடுவதற்கு இது வெகு சௌகரியம். குறை சொல்லப் போனால்தான் தெரியும் அதன் லட்சணம்.

அது காத்தாயிக்கு ஒரு சித்திரை மாதக் காலையில் தெரிந்தது.

காத்தாயி ஓர் ஆட்காட்டிக் குருவி. கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, நீளமான மஞ்சள் கால், குட்டை மூக்கு. அந்தக் காலத்தில் ஆட்காட்டிகள் வாய் திறக்காத இனம். தரையிலே முட்டையிட்டு, தரையோடு தரையாகப் பதுங்கி, யார் கண்ணிலும் படாமல் பிள்ளை வளர்க்கிறவர்கள். ஏரியின் கிழக்குப் பக்கம், தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த தரையில், காத்தாயியும் அவள் புருஷன் வீரணனும் நாலு முட்டை வைத்திருந்தார்கள். போன வருட முட்டைகளைக் கீரி கொண்டுபோய்விட்டது. அதற்கு முந்தைய வருடம் மழை. இந்த வருடம் அவள் முறைப்படி போய் விண்ணப்பித்து, நெடுமூக்கர் ஐயா கையால் ஒதுக்கீடு வாங்கிய இடம் இது.

பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் எருமைக் கூட்டத்தின் தலைவி கரியாத்தா கரையோரம் வந்து நின்றாள்.

"ஏ காத்தாயி, முட்டையை எடுத்துக்கிட்டு அந்தாண்ட போயிரு. உச்சிப் பொழுதுக்கு நாங்க இந்த வழியாத்தான் ஏரிக்குள்ள இறங்குறோம். நூத்தம்பது பேரு."

"எடுத்துக்கிட்டுப் போறதா? எனக்கென்ன கையா இருக்கு? இது எனக்கு ஒதுக்கின இடம்க்கா. நெடுமூக்கர் ஐயா குடுத்தாரு."

"எங்களை இறங்கச் சொன்னதும் நெடுமூக்கர் ஐயாதான்."

"எந்த நெடுமூக்கர்?"

கரியாத்தா நாலா பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பேரு சொல்லச் சொல்றியா? என் வாயால? நல்லா இருக்குடி நீ பேசறது."

"சாடையாவது சொல்லுக்கா. ஆளு எப்படி இருப்பாரு?"

"எப்படி இருப்பாரு? மூக்கு நீளமா இருப்பாரு."

காத்தாயி முட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வேற வழியாப் போகக் கூடாதா?"

"உத்தரவுன்னா உத்தரவுதான். இறங்கச் சொன்னவரே வந்து வேணாம்னு சொன்னா நின்னுக்குறோம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மாத்துறது இங்க வழக்கமில்ல, உனக்கே தெரியும். உன் முட்டையை மிதிக்கணும்னு எங்களுக்கென்ன வேண்டுதலா?" என்றாள் கரியாத்தா. சொல்லும்போது அவள் கண்ணில் வருத்தம் இருந்தது. ஆனால் மிதிக்கக் காலும் இருந்ததே, ஒரு கூட்டத்துக்கே!

காத்தாயி பறந்தாள். எருமை என்றால் மேய்ச்சல், மேய்ச்சல் என்றால் கரண்டிவாயன். நேரே அவரிடம் போனாள். அவர் முழங்கால் தண்ணீரில் மூக்கை விட்டு இடமும் வலமும் துழாவிக்கொண்டிருந்தார். அவள் நாலு தடவை கூப்பிட்ட பிறகும் தலையைத் தூக்கவில்லை.

"மேய்ச்சல் என்பது கரைமேல் இருக்கும் புல்லைப் பற்றியது" என்றார் தண்ணீரைப் பார்த்தபடியே. "ஏரிக்குள் இறங்குவது கரையைத் தாண்டுவது. அது காவல். நெடுமூக்கரைப் போய்ப் பார்."

கரைக் காவல் கொக்கு மதகின்மேல் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெளியாள் உள்ளே வந்தால்தான் காவல். எருமைகள் நம்மவர்கள். உனக்கு இடம் கொடுத்தது யார்? அவரிடம் போ. நெடுமூக்கர்தான்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இடம் ஒதுக்கும் அரிவாள்மூக்கன் ஏரியின் வடகோடியில் இருந்தார். இறுகிப்போன தரையில் தன் வளைந்த மூக்கைக் குத்திக் குத்திப் பார்த்து, புழு எதுவும் கிடைக்காமல் அலுத்துப்போய் நின்றார். அவர் ஒருவர்தான் அவள் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். கேட்டது மட்டுமா, கண்கூடக் கலங்கினார்.

"நாலு முட்டையா? அடடா. நான் ஒதுக்கிய இடமாயிற்றே. உன் பிள்ளைகள் என் பிள்ளைகள் மாதிரி அம்மா."

காத்தாயிக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து ஒருவர் அவளை அம்மா என்று கூப்பிடுவது இதுவே முதல் தடவை.

"நீங்கதான் ஐயா காப்பாத்தணும்."

"காப்பாற்றாமல்? நீ உடனே தலைவரிடம் போய்ச் சொல். நான் சொன்னேன் என்று சொல். நெடுமூக்கர் அனுப்பினார் என்று சொன்னால் போதும்."

தலைவர் நாரை இருந்ததோ ஏரியின் தென்கோடியில். அவ்வளவு தூரமும் அவள் மூச்சிரைக்கப் பறந்தாள். தலைவர் ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றார். அவர் கண்ணைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதுதான் மரியாதை. காத்தாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கும், அந்தக் கல்லிலிருந்து இந்தக் கல்லுக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு கண் திறந்தது.

"யார் அனுப்பியது?"

"நெடுமூக்கர் ஐயா அனுப்பினாரு."

"சரி. நெடுமூக்கரிடமே சொல்லிவிடு, பார்த்துக்கொள்வார்."

"நீங்களும் நெடுமூக்கர்தானே ஐயா?"

"நானும்தான்" என்றார் தலைவர் பெருமையோடு. கண் மூடிக்கொண்டது.

அவள் கூட்டுக்குத் திரும்பியபோது நிழல் காலடிக்கு வந்திருந்தது. வீரணன் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தான். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க அப்படித்தான் செய்வார்கள். அவன் அவளைப் பார்த்து, "கிட்ட வா. காதை வச்சுக் கேளு" என்றான்.

கேட்டாள். முட்டைக்குள்ளிருந்து டொக், டொக் என்று தட்டும் சத்தம். இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஆட்காட்டிக் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்த கையோடு ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு நாள் கழித்து எருமைகள் வந்தால் பிள்ளைகள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும். இரண்டே நாள். அதைக் கொடுக்கத்தான் அந்த ஏரியில் ஆள் இல்லை.

"உத்தரவு போட்டது யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டான் வீரணன்.

"நெடுமூக்கர்" என்றாள் காத்தாயி. சொல்லும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலை முழுக்க அவள் பறந்து பறந்து கேட்டதெல்லாம் அந்த ஒரே பெயரைத்தான். அந்தப் பெயருக்குள் நாலு பேர் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உச்சிப் பொழுது வந்தது. எருமைகள் இறங்குவதைப் பார்க்கக் கொம்பேரியே திரண்டிருந்தது. நாலு நெடுமூக்கர்களும், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலிங்கின் நாலு கற்களில் வரிசையாக வந்து அமர்ந்தார்கள். கரையில் எருமைக் கூட்டம் கன்றும் தாயுமாக முட்டி மோதிக்கொண்டு நின்றது. காத்தாயி கரியாத்தாவின் கொம்பிலேயே போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ பேரு சொல்ல வேணாம். நான் போய் ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயா நிக்கிறேன். சரியான ஆளு மேல நான் நிக்கும்போது நீ காதை மட்டும் ஆட்டு. ஈ விரட்டுறேன்னு நினைச்சுக்குவாங்க."

கரியாத்தா கலிங்குப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். முடியாது என்று சொல்லவில்லை.

காத்தாயி எழும்பினாள். அதிகாரியின் தலைக்கு மேலே பறப்பதென்றால் சாதாரணக் காரியமா? அன்றுவரை யாரும் செய்ததில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் நாரையின் தலைக்கு மேல் போய்ச் சிறகடித்து நின்றாள். கரியாத்தாவின் காது அசையவில்லை. கரண்டிவாயன் தலைக்கு மேல் போனாள். அசையவில்லை. கொக்கின் தலைக்கு மேல் போனபோது கொக்கு கழுத்தை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். காது அசையவில்லை.

மிச்சம் இருந்தது ஒருவர். காத்தாயிக்கு நம்ப முடியவில்லை. காலையில் கண்கலங்கியவர். அம்மா என்று கூப்பிட்டவர். அவர் தலைக்கு மேல் போய் நின்றாள்.

கரியாத்தா இரண்டு காதையும் ஆட்டினாள்.

அப்போதுதான் காத்தாயிக்கு எல்லாம் விளங்கியது. தரை இறுகிக் கிடந்தால் வளைந்த மூக்கு இறங்காது. நூற்றைம்பது எருமைகள் மிதித்துச் சேறாக்கினால் புழு மேலே வரும். இடத்தைக் கொடுத்த கையாலேயே எருமைக்கும் உத்தரவு கொடுத்திருக்கிறார். அதுமட்டுமா, உச்சிப் பொழுது வரும்வரை அவளை வடக்கிலிருந்து தெற்கே ஓடவும் விட்டிருக்கிறார்!

அவரது சொந்தப் பெயர் ஏரிக்கே தெரியும். குஞ்சாக இருந்தபோது அவர் தாய் கூப்பிட்ட பெயர். காத்தாயி தொண்டை கிழியக் கத்தினாள்.

"மாசிலான்! எருமையை இறங்கச் சொன்னது மாசிலான்! இந்தா, இவருதான்! மாசிலான்!"

எல்லோரும் காத்தாயியின் நாக்கு எப்போது அழுகி விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழவில்லை. அவள் மறுபடியும் அந்தப் பெயரைக் கத்தினாள். மாசிலானின் கறுத்த தலை கவிழ்ந்தது. மற்ற மூன்று நெடுமூக்கர்களும் அவரிடமிருந்து மெல்ல ஓரடி தள்ளி உட்கார்ந்தார்கள்.

"நான்... ஏரியின் நன்மைக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார் மாசிலான்.

"வேணாம்னு சொல்லுங்க!" என்றாள் காத்தாயி அவர் தலைக்கு மேலேயே.

"சரி, வேண்டாம். இறங்க வேண்டாம்."

கரியாத்தா காலை ஊன்றி நின்றாள். அவளுக்குப் பின்னால் கூட்டம் நின்றது. ஆனால் கூட்டத்தின் கடைசியில் இருந்த இளங்கன்றுகள் பொறுமையிழந்து, எப்போதோ பக்கவாட்டில் சரிந்து கீழே இறங்கியிருந்தன. தண்ணீரைப் பார்த்த குஷியில் அவை கிழக்குத் தரையில் துள்ளிக்கொண்டு ஓடின.

காத்தாயி போய்ச் சேர்ந்தபோது வீரணன் இரண்டு சிறகையும் விரித்து முட்டைகளின்மேல் நின்றுகொண்டிருந்தான். ஒரு சிறகு தொங்கியது. அவன் காலடியில் இரண்டு முட்டைகள் இருந்தன. பக்கத்தில் ஒரு சின்னக் குளம்படி. அதற்குள் மற்ற இரண்டும் இருந்தன.

காத்தாயி அழுதாள். இன்னும் கொஞ்சம் முன்னால் கத்தியிருந்தால் என்று நினைத்து நினைத்து அழுதாள். காலையில் முதல் நெடுமூக்கர் தலையைத் தூக்காதபோதே கத்தியிருந்தால். இரண்டாமவர் அனுப்பிவிட்டபோதாவது கத்தியிருந்தால். கல்லுக்குக் கல் ஓடி, கண் திறக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தாளே, அந்த நேரத்திலாவது கத்தியிருந்தால் நாலும் இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. வந்ததும் தாய் முதலில் சொல்லிக் கொடுத்தது இரை பொறுக்க அல்ல. "யாராவது வந்தா பதுங்காதே. எழும்பு. தலைக்கு மேல போய் நில்லு. காலு கிட்ட வர்றதுக்கு முன்னாலயே கத்து."

அடுத்த வருடக் கூழாங்கல் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்கிறீர்களா? நெடுமூக்கர்தான். மாசிலானும் அதில் உண்டு. வாய்க்குப் பழகின பெயர் அவ்வளவு லேசில் விட்டுப்போகுமா? ஆனால் காத்தாயியின் பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் அதற்குப் பிறகு ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை.

அன்று முதல்தான் ஆட்காட்டிக் குருவி, மாடு வந்தாலும் மனுஷன் வந்தாலும் நரி வந்தாலும், வந்தவர் தலைக்கு மேலேயே வட்டமடித்துத் தொண்டை கிழியக் கத்துகிறது. அது கத்திய மாத்திரத்தில் ஏரியில் நிற்கும் நாரையும் கொக்கும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும், இன்றைக்கு யார் பெயரைச் சொல்கிறது என்று நின்று கேட்கத் தைரியமில்லாமல், எல்லோரும் ஒன்றாகப் பறந்துவிடுகிறார்கள்.