கொழுத்த கரடியின் ஆறாத புண்

மலையடிவாரத்தில் ஒரு கரடி வாழ்ந்தது. தேனும் பலாச்சுளையும் அருகிலேயே கிடைத்தமையால், புற்றைத் தோண்டிக் கறையான் தின்னும் வழக்கத்தை அது கைவிட்டது. உடல் பெருத்தது. ஒருநாள் அதன் சிறுநீரில் இரத்தம் கலந்து வந்தது.

வைத்தியம் பார்க்கும் நாரை அதன் வயிற்றை அழுத்திப் பார்த்தது.

"சிறுநீர்ப்பையில் கட்டி. பையையே எடுத்தாக வேண்டும். தாமதித்தால் உயிர் போகும். ஆனால் இந்தப் பருமனில் புண் ஆறுவது கடினம். மழைக்கு முன் உடலைத் தேற்றிக்கொண்டு வா."

கரடி குழம்பியது. நாரையிடம் கேட்கக் கூசி, நண்பன் குரங்கிடம் போய் நின்றது.

"பருமன் என்கிறார். தேற்று என்றும் சொல்கிறார். குறைப்பதா, கூட்டுவதா?"

"இதில் என்ன குழப்பம், அண்ணா? பட்டினி கிட. உன் கொழுப்பு ஒரு கோடைக்குத் தாங்கும்."

கரடி பட்டினி கிடந்தது. தோல் தொங்கத் திரும்பி வந்ததைக் கண்டு காடே மெச்சியது. நாரை மட்டும் அதன் தோளைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தது.

"கொழுப்பு இருக்கிறது. தசைதான் கரைந்துவிட்டது."

கட்டி வளர்ந்திருந்ததால் மேலும் காத்திருக்க இயலவில்லை. நாரை பையை அகற்றி, வயிற்றில் துளையிட்டு, சிறுநீரை ஏந்த ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டியது.

நோயாளியைக் காணத் தேனடையோடு வருவதே அக்காட்டு முறை. அடைகள் குவிந்தன, கரடி எல்லாவற்றையும் தின்றது. தையல் பிரிந்தது. காய்ச்சல் கண்டது.

"குரங்கின் பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்தேன், தவறு என்றீர்கள். வயிறு முட்டத் தின்கிறேன், புண் ஆறவில்லை. நான் பருத்தவனா, மெலிந்தவனா, வைத்தியரே?"

"இரண்டும்தான். தேன் கொழுப்பைச் சேர்த்தது. தசைக்கு வேண்டியதை நீ நெடுநாளாகத் தின்னவே இல்லை. தையல் நான் போடலாம்; சதையை நீதான் வளர்க்க வேண்டும். விளங்காததை என்னிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?" நாரை அருகில் நின்ற குரங்கின் பக்கம் திரும்பியது. "போய்க் கறையான் கொண்டு வா."

"நோயாளிக்குக் கறையானா? பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?"

"கரடி பிழைத்தது என்று நினைப்பார்கள்."

குரங்கு நகம் தேயப் புற்றைத் தோண்டியது. ஓர் இலை நிறையக் கறையான் நாள்தோறும் வந்தது. காய்ச்சல் தணிந்தது, புண் மெல்ல மூடியது. மழை ஓய்ந்தபின் ஒரு காலை, இடுப்பில் குடுக்கை ஆட, கரடி தானே புற்றை நோக்கி நடந்தது.

உடலின் பருமன் ஊட்டத்திற்குச் சான்றாகாது. பெரிய அறுவையைத் தாங்கி எழ, பட்டினியும் உதவாது, பெருந்தீனியும் உதவாது, தக்க உணவே உதவும்.