வாசற்காரி பிடித்த முடிச்சு

அந்தக் காலத்தில் உயிரணுக்கள் வாய் திறந்து பேசும். சும்மா பேசாது, அடுத்த வீட்டுச் சமாச்சாரம் வரைக்கும் பேசும். முட்டைக்குள் கரு வளரத் தொடங்கினால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், ஒட்டி ஒட்டி ஒரு தெருவே ஆகிவிடும். ஆனால் எல்லா வீடும் ஒரே மாதிரி. இது கண், இது எலும்பு என்றெல்லாம் கிடையாது. உருண்டையாக ஒரு கூட்டம், அவ்வளவுதான். கொஞ்ச காலம் கிடக்கும், பிறகு அப்படியே கரைந்துபோகும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் ஓர் உள்ளறை உண்டு. அறைக்குள் நீளமாக ஒரு நூல், நூல் முழுக்க முடிச்சுகள். ஒரு முடிச்சு ஒரு வேலையைச் சொல்லும். உள்ளே உட்கார்ந்திருப்பவள் முடிச்சை விரலால் தடவி வாசிப்பாள். சேதிக்காரன் அதைக் கேட்டுக்கொண்டு அறை வாசல் வழியாக வெளியே ஓடுவான். வெளியே இருக்கும் ஆட்கள் அதன்படி செய்வார்கள். அந்த வாசலிலும் ஒருத்தி நிற்பாள். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே விடுவது என்பது அவள் பொறுப்பு. நூலை மட்டும் அவள் தொடக்கூடாது. அப்படி ஒரு வழக்கம்.

ஒரு வீட்டில் வாசலில் நின்றவள் வடிவாம்பா. உள்ளே வாசித்தவள் அவளுடைய ஓரகத்தி சந்தனமாரி. மூத்தவன் பெண்டாட்டி வாசலில் கால் கடுக்க நிற்கிறாள், இளையவன் பெண்டாட்டி உள்ளறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

வடிவாம்பாவுக்கு வயிறு எரிந்தது. வெளியே ஆட்கள் எதைச் செய்து முடித்தாலும், "எல்லாம் சந்தனமாரி சொன்னது" என்றுதான் பேசிக்கொண்டார்கள். வழி விட்டவள் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. நான் நகராவிட்டால் இவள் சொன்னது எங்கே போய்ச் சேருமாம் என்று மனசுக்குள்ளேயே பொருமுவாள். பொருமிப் பொருமி, ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"ஏண்டி சந்தனமாரி, நானும் ஒரு தடவை உள்ளே வந்து உட்காரட்டுமா?"

"நீங்க வந்துட்டா வாசலை யாருக்கா பார்க்கறது? நூலும் உங்க கைக்குப் பழக்கமில்லை. சிக்காக்கிடுவீங்க."

சந்தனமாரி வெள்ளையாகத்தான் சொன்னாள். ஆனால் பொறாமை பிடித்த காதுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? வாசலைப் பார்க்கத்தான் லாயக்கு என்று இவள் சொல்லிவிட்டாளே என்று வடிவாம்பா உள்ளுக்குள் வெந்துபோனாள்.

சந்தனமாரி நூலின் அந்தக் கோடியில் மும்முரமாக இருந்த சமயம். இந்தப் பக்கம் நூலில் ஒரு வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு முடிச்சு, யாரும் அதிகம் வாசிக்காத முடிச்சு. வடிவாம்பா அக்கம்பக்கம் பார்த்தாள். எட்டி அந்த வளையத்தைப் பிடித்து இழுத்தாள். வாசல் நிலையோடு சேர்த்து இறுக்கி வைத்துக்கொண்டாள். இனி இவள் என் காலடிக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும் என்பதுதான் அவள் எண்ணம். வேறொன்றும் அவளுக்குத் தெரியாது.

நூல் இழுபடவும் சந்தனமாரி ஓடி வந்தாள். "என்னக்கா இது?"

"என்னவா? வந்து வாசி."

முடிச்சு கண்ணெதிரே இருந்தால் வாசிக்காமல் அவளால் இருக்க முடியாது. வாசித்தாள். "சுருங்கு. விரி." சேதிக்காரனுக்கு அறையைச் சுற்றி வரும் வேலையே இல்லை, கேட்டதும் ஓரடியில் வெளியே. போனான், வந்தான், மறுபடி போனான். ஆட்கள் அதையே செய்தார்கள். வீடு சுருங்கியது, விரிந்தது. பிறகு நிற்கவே இல்லை. அதுவரை தேங்கிக் கிடந்த நீர் தெருவெல்லாம் ஓடியது. கடைசி வீட்டில் பட்டினி கிடந்தவர்களுக்கும் ஆகாரம் போய்ச் சேர்ந்தது.

"வடிவாம்பா வீட்டைப் பாருங்கடி" என்று தெருவே பேசியது. வடிவாம்பாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அவள் வீட்டிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போன வீடுகளிலும் வாசற்காரிகள் அதே முடிச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மற்ற வாசற்காரிகள் சும்மா இருப்பார்களா? அடுத்த வீட்டுக் குப்பாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது. "அவளுக்கு மட்டும்தான் கை இருக்கா?" என்று தன் வாசலுக்கு வேறொரு முடிச்சை இழுத்தாள். அந்த வீடு மெலிந்து நீண்டு நரம்பாயிற்று. அதைப் பார்த்த இன்னொருத்தி இன்னொன்றை இழுக்க, அவள் வீடு இறுகி எலும்பாயிற்று. பேராத்தாள் என்பவளுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லை. அவள் வாசலையே போட்டுவிட்டு உள்ளே ஓடி, ஒரு முடிச்சை அது கிடந்த இடத்திலேயே பற்றிக்கொண்டாள். அந்த வீடு கண்ணாயிற்று. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி வயிறெரிந்ததில் உருண்டைக்குத் தலை வந்தது, வால் வந்தது. முட்டையை உடைத்துக்கொண்டு முதல் மீன் நீந்திப் போயிற்று.

வடிவாம்பா மட்டும் பேராத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளறைக்குள் இருக்கிறாள். நான் இன்னும் வாசலில் நிற்கிறேன். பழைய எரிச்சல் மறுபடி மூண்டது.

சந்தனமாரிக்கு அந்த முகம் புரிந்தது. "அக்கா, உள்ளே வாங்க. வந்து உட்காருங்க. நான் வாசல்ல நிக்கறேன்."

எத்தனை காலம் காத்திருந்த வார்த்தை அது. வடிவாம்பா பிடியைத் தளர்த்தினாள். வீட்டின் துடிப்பு ஒன்று தவறியது. தெருவில் ஓடிய நீர் நின்றது. குப்பாச்சியின் நரம்பு துவண்டது, பேராத்தாளின் கண் மங்கியது. மீன் மல்லாந்து மேலே மிதந்தது.

"அக்கா" என்றாள் சந்தனமாரி.

வடிவாம்பா முடிச்சை மறுபடி இறுக்கிப் பிடித்தாள். மீன் புரண்டு நீந்தியது. சந்தனமாரி பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அவள் ஒரு தடவை பார்த்தாள்.

"நான் வரலைடி. நீ வாசி" என்றாள்.

அன்று முதல்தான் எல்லா வீட்டிலும் ஒரே நூல் இருந்தும் கண் கண்ணாகவும் எலும்பு எலும்பாகவும் இருக்கின்றன. இதயம் மட்டும் ஒரு நொடிகூட உட்காராமல் துடித்துக்கொண்டே இருக்கிறது.